பன்னிரண்டு மணி வரைக்கும்

மணி பத்து ஏழு. இதற்கு முன்னால் பார்த்தபோது பத்து ஆறு. பன்னிரண்டு வரைக்கும் போன் பண்ணக் கூடாது என்று சொல்லித்தான் எதிர்வீட்டு மும்தாஜ் என்னை அனுப்பினாள். பண்ணினாலும் எடுக்க மாட்டேன் அக்கா என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் சொன்னபடி செய்கிறவள், எடுக்க மாட்டாள். ஏரிக்கரைப் பூங்காவில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் கைப்பை, பைக்குள் போன். வீட்டுக்கு இங்கிருந்து நடந்தால் இருபது நிமிஷம், ஆட்டோவில் போனால் ஆறு. ஓடினால் எவ்வளவு ஆகும் என்று ஏன் யோசிக்கிறேன், மாடிப்படியே பார்த்து ஏறுங்கள் என்கிறார் டாக்டர். என் பையன் செழியன் இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பான். கதவைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். கிளம்பும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் செருப்பைத்தான் பார்த்தான். நான் செருப்பு மாட்டினால் அவனும் மாட்டுவான், அது அவன் நடக்கப் பழகிய நாளிலிருந்து இருக்கிற வழக்கம். இன்றைக்கு ஒரு ஜோடி மட்டும் வாசலைத் தாண்டியது. இன்னொரு ஜோடியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான், இருபத்து மூன்று வயசுப் பிள்ளை, முகத்தில் மீசை அரும்பி முற்றிவிட்ட பிள்ளை, செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு. மும்தாஜ் அவனுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துப் போங்க போங்க என்று கையசைத்தாள். நான்கு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தயிர்சாதம் கெட்டியாக இருக்க வேண்டும், டம்ளர் எவர்சில்வர்தான், பிளாஸ்டிக்கில் கொடுத்தால் குடிக்க மாட்டான், குக்கர் விசில் வருமுன்னே சொல்லிவிட வேண்டும், காதைப் பொத்திக்கொண்டால் தொடக் கூடாது, "தண்ணி" என்றால் தண்ணி, "போலாம்" என்றால் பாத்ரூம். வேறு வார்த்தை அவனிடம் அதிகம் இல்லை. "மா" என்பான், ஆனால் அது கூப்பிடுவது இல்லை, அது பசிக்கும் வரும் தூக்கத்துக்கும் வரும், இதை எழுதினேனா? மிக்ஸியைப் பற்றி எழுதினேன். மேல்வீட்டில் டிரில் போட்டால் என்ன செய்வது என்று எழுதினேன். "மா" பற்றி எழுதவில்லை. அவன் "மா" என்று சொன்னால் அவள் என்னைக் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டு, அம்மா வந்துடுவாங்க, அம்மா வந்துடுவாங்க என்று சொல்லிச் சொல்லி அவனுக்கு ஞாபகப்படுத்திவிடுவாள். இதைச் சொல்வதற்கு மட்டும் ஒரு போன் பண்ணலாமா. பத்து ஒன்பது.

இடது கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வலது கை பையைப் பிடித்திருக்கிறது. இடது கை அவனுடையது. வெளியே வந்தால் அந்தக் கையை அவன்தான் பிடித்துக்கொள்வான், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, வளையலை மேலே தள்ளிவிட்டு. அந்த இடத்தில் தோல்கூட வேறு நிறமாக இருக்கிறது. இப்போது அதில் காற்று படுகிறது, ஓசூர்க் காற்று, வெயில் ஏறியும் குளிர் விடவில்லை. வரும் வழியில் ஒரு டீ வாங்கிக் குடித்தேன். நின்று, கடைசிவரை, சூடாக. முடித்து டம்ளரை வைக்கும்போதுதான் குற்றம் செய்தது போல இருந்தது. பூங்காவைச் சுற்றி ஆட்கள் நடக்கிறார்கள். சிவப்பு ஸ்வெட்டரும் காலில் ஷூவும் போட்ட ஒரு அம்மாள் மூன்றாவது சுற்றோ நான்காவது சுற்றோ என்னைக் கடந்து போகிறாள், ஒவ்வொரு முறையும் ஒரு பார்வை, இவள் யாருக்காகக் காத்திருக்கிறாள் என்கிற மாதிரி. யாருக்காகவும் இல்லை, அம்மா. சும்மா உட்கார்ந்திருக்கப் பழகுகிறேன். வயிற்றுக்குக் கீழே அந்தக் கனம் இருக்கிறது, ஈரத்துணியைச் சுருட்டி உள்ளே வைத்த மாதிரி. ஆறு மாசத்துக்கு முன்னால் முதல்முறை போனபோது ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர் கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்றார். சின்ன வயசு, என்னைவிட இருபது வருஷமாவது இளையவர், பேனாவை மூடி வைத்துவிட்டுத்தான் பேசினார். ஐந்து நாள் ஆஸ்பத்திரி, அப்புறம் ஆறு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது. உங்ககூட யார் இருக்காங்க என்று கேட்டார். பையன் இருக்கான் என்றேன். நல்லது, அடுத்த தடவை கூட்டிக்கிட்டு வாங்க, அவர் கையெழுத்துப் போடணும் என்றார். சரி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். சரி என்று ஏன் சொன்னேன். அவன் வெளியே பெஞ்சில்தான் இருந்தான், ஆயாம்மாவின் துடைப்பத்தையே பார்த்துக்கொண்டு, நான் வந்ததும் என் வளையலை மேலே தள்ளிவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டான். நான்கு மாசம் அந்தப் பக்கமே போகவில்லை. ஐந்து நாள் என்றால் ஐந்து பகல், ஐந்து ராத்திரி, பதினைந்து வேளைச் சாப்பாடு, யார் குளிப்பாட்டுவது, யார் ஷேவிங் செய்துவிடுவது. ஒவ்வொன்றாக யோசித்தால் ஒவ்வொன்றும் நானேதான். இரத்தம் போய்க்கொண்டே இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை போட்டுச் சமாளித்தேன். இரண்டாவது முறை போனபோது டாக்டர் என் கண் இமையை இறக்கிப் பார்த்துவிட்டு ஏன் வரலை என்று கேட்டார். அப்போதுதான் செழியனைப் பற்றிச் சொன்னேன். அவர் எனக்காகப் பரிதாபப்படவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. "ஆபரேஷனை நான் பார்த்துக்கறேன்ம்மா. அதுக்கு முன்னாடியும் அதுக்கு அப்புறமும் யாரெல்லாம் இருப்பாங்கன்னு நீங்க பார்த்துட்டு வாங்க. ஒரு ஆள் போதாது. மூணு பேராவது வேணும். இன்னும் தள்ளிப்போட்டீங்கன்னா உங்க பையனுக்கு நீங்களும் இருக்க மாட்டீங்க" என்றார். மூன்று பேர். ஒரு ஆளையே காணோம் என்று நான் இருக்கும்போது மூன்று பேர்.

பிலோமினாவுக்கும் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால். சிறப்புப் பள்ளி வாசலில் அம்மாக்கள் எல்லாரும் ஒரு புங்கமரத்தடியில் மதியம்வரை உட்கார்ந்திருப்போம், அவள் என் பக்கத்தில் உட்காருவாள், பூக்கட்டிக்கொண்டே பேசுவாள். எனக்கு ஒரு நாள் முன்னாடி இவ போயிடணும் தவமணி, ஒரே ஒரு நாள், அவளை அனுப்பிட்டு அடுத்த நாள் நான் போயிடுவேன் என்பாள், தன் மகள் ஜான்சியைக் காட்டி. யாரும் அவளைத் திட்டியதில்லை. திட்ட முடியாது. அந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்த எல்லாருக்குள்ளும் அது இருந்தது, அவள்தான் வாயைத் திறந்து சொன்னாள். நானும் வேண்டியிருக்கிறேன். எந்தச் சாமியிடமும் இல்லை, அவன் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது, அந்தச் சூடான தலையைக் கையில் வைத்துக்கொண்டு, நினைத்திருக்கிறேன். நினைத்துவிட்டு அன்றைக்கு முழுக்க அவனுக்குப் பிடித்த பூரியும் கிழங்கும் செய்து போட்டிருக்கிறேன். பிலோமினாவுக்கு அவள் கேட்டது கிடைக்கவில்லை. மஞ்சள் காமாலை, பத்தே நாளில் அவள்தான் முதலில் போனாள். ஜான்சியை எங்கோ தெற்கே ஒரு இல்லத்தில் சேர்த்துவிட்டதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். போய்ப் பார்த்திருக்கலாம், ஜான்சிக்கு என்னைத் தெரியும், என்னைப் பார்த்தால் என் சேலைத் தலைப்பை முகத்தில் வைத்துத் தேய்ப்பாள். நான் என் பிள்ளையையே பார்க்க நேரமில்லாதவள் என்று சொல்லிக்கொண்டேன். அது நிஜந்தான். ஆனால் அது மட்டும் இல்லை. போய்ப் பார்த்தால் அங்கே செழியனுக்கும் ஒரு கட்டில் போட்டிருப்பது என் கண்ணுக்குத் தெரிந்துவிடும், அதற்குத்தான் போகவில்லை. பள்ளிக்கூடம் பதினெட்டு வயசோடு முடிந்துவிட்டது. அதற்கப்புறம் அந்த அம்மாக்களில் ஒருத்தியோடும் நான் பேசியது கிடையாது. அவர்கள் முதலில் பேசிப் பார்த்தார்கள். என்ன தவமணி, எப்படி இருக்கே, ஏதாச்சும் வேணுமா என்பார்கள். பரவாயில்லை, நான் பார்த்துக்கறேன் என்பேன்.

நான் பார்த்துக்கறேன். இந்த இரண்டு வார்த்தையில் எத்தனை பேரை அனுப்பியிருக்கிறேன். எல்லாரும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்றுதான் இத்தனை வருஷமாக எனக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இந்த பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாக எடுத்துப் பார்த்தால் அப்படி இல்லை போலிருக்கிறது. கௌசல்யாவை எடுத்தால் அங்கேயே சிக்கிக்கொள்கிறது மனசு. என் நாத்தனார், என் வீட்டுக்காரர் ஞானசேகரனுக்கு ஒரே தங்கச்சி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் மகளுக்குச் சடங்கு, திருப்பத்தூரில், மண்டபம் பிடித்துச் செய்தார்கள். செழியனுக்குப் பன்னிரண்டு வயசு. மைக் செட் போட்டதும் காதைப் பொத்திக்கொண்டு கத்த ஆரம்பித்தான். கத்தல் என்றால் அந்த மண்டபத்தில் அத்தனை தலையும் திரும்பியது. நான் அவனைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன், பட்டுச்சேலை முழங்கால்வரை ஏறிவிட்டது. கௌசல்யா மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். அண்ணி, நான் இவனை மாடிக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன், நீங்க உக்காருங்க என்றாள். இதுதான் சொன்னாள். இதைத்தான் சொன்னாளா? மாடிக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க என்று சொன்னாளா? அன்றைக்கு என் காதில் விழுந்தது, இவனைக் கண்ணுக்கு மறைவாகக் கொண்டுபோ என்றுதான். அவள் சொன்ன வார்த்தை எதுவாக இருந்தாலும் எனக்குக் கேட்டது அதுதான். பரவாயில்லை, நான் பார்த்துக்கறேன் என்று சொல்லிவிட்டு அவனை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அவர் பின்னாலேயே வந்தார். பஸ் கிருஷ்ணகிரி தாண்டியபின்தான், அவ அப்படிச் சொல்லலை தவமணி என்றார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அதற்கப்புறம் அந்த வீட்டுக்கு அவர் மட்டும் போய் வந்தார், கொஞ்ச நாளில் அவரும் குறைத்துக்கொண்டார். ஆறு வருஷத்துக்கு முன்னால் பிளாண்ட்டில் ஷிப்ட் முடிந்து வண்டியை எடுக்கும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்து அவர் போனார். கௌசல்யா வந்தாள். பதினாறு நாளும் இருந்தாள், என் சமையலறையில் நின்று சமைத்தாள், செழியனுக்கு ஊட்டினாள்கூட. நான் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. துக்கம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

சிவப்பு ஸ்வெட்டர் அம்மாள் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக் காலை நீவிக்கொள்கிறாள். பத்து நாற்பத்தைந்து. முக்கால் மணி நேரம் போய்விட்டதா. அவனுக்குப் பதினோரு மணிக்கு ஒரு வாழைப்பழம், கறுப்புப் புள்ளி இருந்தால் தொட மாட்டான், எழுதியிருக்கிறேன். மும்தாஜ் பழத்தை உரித்துக் கொடுப்பாளா, உரிக்காமல் கொடுப்பாளா. ஐந்து வருஷமாக எதிர்வீடு. ஹவுசிங் போர்டு வீட்டில் எதிர்வீடு என்றால் இரண்டு கதவுக்கும் நடுவே நான்கு அடிதான். அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், மாசத்தில் பாதி நாள் ஊரில் இருப்பதில்லை, அவள் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். மிஷின் சத்தம் கேட்டால் செழியன் எழுந்துபோய்ச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்பான். உலகத்தில் எந்தச் சத்தமும் ஆகாதவனுக்கு அந்தச் சத்தம் மட்டும் வேண்டும். ஐந்து வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தேனே, ஒரு நாள் கதவைத் தட்டி, தங்கச்சி, என் பையனுக்கு உன் மிஷின் சத்தம் பிடிக்குது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. படியில் பார்த்தால் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். இரண்டு மாசத்துக்கு முன்னால் தண்ணீர் கேன் எடுத்துக்கொண்டு ஏறும்போது படியிலேயே கண் இருட்டிவிட்டது. முழித்துப் பார்த்தால் என் தலை அவள் மடியில் இருக்கிறது, சேலையெல்லாம் இரத்தம், அவள் உடுப்பிலும் இரத்தம். செழியன் மேல்படியில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தான், அவன் கையில் அவள் எதையோ கொடுத்து வைத்திருந்தாள், நூல்கண்டு. பரவாயில்லை, நான் பார்த்துக்கறேன் என்று அப்போதும் சொல்லியிருக்கிறேன், அவள்தான் பிறகு சொன்னாள். என்னக்கா பார்த்துப்பீங்க, எழுந்து நிற்க முடியலையே உங்களால என்றாளாம். அதற்கப்புறமும் எனக்குக் கேட்க ஒரு வாரம் ஆனது. கதவுவரை போவேன், திரும்பி வந்துவிடுவேன். சர்க்கரை இருக்கா என்று கேட்டுவிட்டு வந்தேன் ஒரு நாள், வீட்டில் டப்பா நிறையச் சர்க்கரை இருக்கும்போது. கடைசியில் கேட்டபோது அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. மிஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு யோசித்தாள். எனக்குத் தெரியாதுக்கா, பெரிய பையனா வேற இருக்கான், கொஞ்சம் கொஞ்சமா பழக்கி விடுங்க, பார்க்கலாம் என்றாள். பத்து நிமிஷம், நான் அதே அறையில். அப்புறம் அரைமணி, நான் என் வீட்டில், இரண்டு கதவும் திறந்து. இன்றைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேலே, நான் ஊரிலேயே இல்லாத மாதிரி. பகலுக்கு மும்தாஜ். மிச்சம்?

பதினொன்று ஐந்துக்குப் போனைக் கையில் எடுத்துவிட்டேன். மும்தாஜுக்கு இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விரல் சும்மா பேர்களைத் தள்ளிக்கொண்டு போயிற்று, கேஸ், தண்ணீர் கேன், மருந்துக்கடை, என் போனில் மனுஷர் பேர் எவ்வளவு குறைவு, கௌசி என்று என் வீட்டுக்காரர் எழுதி வைத்த பேர் அப்படியே இருக்கிறது, இந்த நம்பரே இப்போது இருக்காது, இருந்தாலும் எடுக்க மாட்டாள், எடுத்தாலும் என்ன பேசுவது. விரல் பட்டு மணி அடிக்கிறது. வைத்துவிடலாம். இரண்டு, மூன்று. வைத்துவிடுகிறேன். "யாரு" என்று குரல் வந்துவிட்டது, கொஞ்சம் தடித்துப்போன குரல், பின்னால் ஏதோ தாளிக்கிற சத்தம். தவமணி என்றேன். தாளிக்கிற சத்தம் நின்றது, அடுப்பை அணைத்திருக்க வேண்டும். எதிர் பெஞ்சு அம்மாள் ஷூ நாடாவைக் கட்டுகிறாள், ஒரு முடிச்சு, இன்னொரு முடிச்சு.

"செழியனுக்கு என்ன ஆச்சு அண்ணி?"

அவனுக்கு ஒன்றும் இல்லை, எனக்குத்தான் என்றேன். சொன்னேன். டாக்டர் சொன்னது, இரத்தம் போவது, படியில் விழுந்தது, எல்லாம் கோர்வையில்லாமல் வந்தது, அழக் கூடாது என்றிருந்தேன், அழவில்லை, மூக்குதான் ஒழுகியது. முடித்ததும் அவள் ஆபரேஷன் எந்தத் தேதி என்று கேட்டாள். இருபத்தொன்று என்றேன். அப்புறம் நான் கேட்க நினைக்காததைக் கேட்டேன். அன்னிக்கு மண்டபத்துல நீ என்ன சொன்னே கௌசி என்றேன். என்ன சொன்னேன் என்று அவள் திருப்பிக் கேட்டாள், நிஜமாகவே அவளுக்கு ஞாபகம் இல்லை. பதினோரு வருஷமாக நான் கழுவிக் கழுவி வைத்திருந்த வார்த்தை அது, அவளிடம் அது இல்லவே இல்லை. அவளுக்கு ஞாபகம் இருந்தது வேறொன்று. "நீங்க சாப்பிடாமப் போனீங்க. சாயங்காலம் வரைக்கும் உங்க மூணு பேருக்கும் எடுத்து வெச்சிருந்தேன், வருவீங்கன்னு. அண்ணன் செத்தப்ப பதினாறு நாள் உங்க வீட்டுல இருந்தேன். நீங்க என் மூஞ்சியப் பார்க்கலை. நான் என்ன பண்ணேன் அண்ணி?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தப்பு என்மேலதான் என்றேன். சொல்லிப் பழக்கமில்லாத வாக்கியம், வாயில் கல்லைப் போட்டுக்கொண்டு பேசின மாதிரி இருந்தது. அவள் மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார், முழுசாக ஐந்து நாள் வர முடியாது என்றாள். இரண்டு நாள் வருவாளாம், ஆபரேஷன் அன்றைக்கும் மறுநாளும், ராத்திரியும் இருப்பாள். அதற்குமேல் இப்போது வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றாள். இரண்டு நாள் போதும் கௌசி என்றேன். போதாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். இன்னும் மூன்று நாளுக்கு யாரைக் கேட்பீங்க என்றாள். கேட்கறேன் என்றேன். யாரை என்று தெரியவில்லை, அந்தப் புங்கமரத்தடி முகங்கள்தான் ஒன்றிரண்டு வந்து போயின, அவர்கள் நம்பரெல்லாம் பழைய டைரியில் இருக்கலாம். வைக்கிறதுக்கு முன்னால், அவன் இப்ப எவ்வளவு உயரம் என்று கேட்டாள். என் தலைக்கு மேலே ஒரு சாண் என்றேன். அண்ணன் மாதிரி என்றாள். வைத்துவிட்டாள்.

பதினொன்றே முக்காலுக்கு எழுந்தேன். இருபது நிமிஷ நடை, பன்னிரண்டு ஐந்து ஆகிவிடும், ஐந்து நிமிஷம் கூடுதலாக அவளுக்குக் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன், ஆனால் கால் வேகமாகத்தான் போயிற்று. மெயின்ரோட்டில் லாரிகள், ஒவ்வொரு ஹாரனுக்கும் அவன் காது எனக்கு வலிக்கிறது. அவன் அழாமல் இருந்திருக்க வேண்டும். இல்லை, கொஞ்சம் அழுதிருக்கலாம். ஒரேயடியாக அழாமல், என்னைத் தேடாமல், அந்தச் சுவரோரம் சந்தோஷமாக இருந்திருந்தால்? நான் இல்லாமல் அவன் செத்துப்போவான் என்பது ஒரு பயம். நான் இல்லாமலும் அவன் இருப்பான் என்பது இன்னொன்று, அதை நான் பயம் என்றே எண்ணியதில்லை, இதோ முச்சந்தியில் சிக்னலுக்கு நிற்கும்போது அது என்னைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஹவுசிங் போர்டு வாசல். இரண்டாம் மாடி. முதல் திருப்பத்திலேயே கவனித்தேன், மிஷின் சத்தம் இல்லை. மிஷின் சத்தம் இல்லை, அவன் சத்தமும் இல்லை, எந்தச் சத்தமும் இல்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன், டாக்டர் சொன்னதெல்லாம் மறந்து இரண்டிரண்டு படியாக. மும்தாஜின் கதவு ஒருக்களித்துக் கிடந்தது.

அவள் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். அந்தக் கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை மூன்று கோடு, நகம் கீறின கோடு, அதன்மேல் மஞ்சள் பற்றுப் போட்டிருந்தாள். தரையில் ஒரு சாம்பல் நிற ஜாக்கெட் இரண்டாகக் கிழிந்து கிடந்தது, யாருக்கோ தைத்து முடித்தது, ஹூக்கெல்லாம் வைத்தாயிற்று. சுவரோரம் வாழைப்பழம் நசுங்கி ஈ மொய்த்தது. அவனைக் காணோம். அவள் கீழே காட்டினாள். மிஷினை ஒட்டி இருந்த, துணி வெட்டுகிற மேஜைக்குமேல் ஒரு கறுப்பு லைனிங் துணியை விரித்து நான்கு பக்கமும் தொங்கவிட்டிருந்தாள். அதற்கடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டிருந்தது, என் பிள்ளையின் கை, அவளுடைய இடது கணுக்காலைப் பிடித்தபடி. துணியை விலக்கிப் பார்த்தேன். இருட்டில் முழங்காலை மார்போடு மடக்கிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். கன்னத்தில் அழுத உப்பு காய்ந்திருந்தது.

அவள் தணிந்த குரலில் சொன்னாள். நான் போன கால்மணியில் ஆரம்பித்தானாம். கதவை இடித்தான், கையைக் கடித்துக்கொண்டான், அவள் பிடித்தபோது கீறினான், கையில் கிடைத்ததைக் கிழித்தான். நான் எழுதிக் கொடுத்தது ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தாளாம், எதுவும் ஆகவில்லை. முக்கால் மணி நேரம். அப்புறம் அவனாகவே மேஜைக்கு அடியில் நுழைந்தான். வெளிச்சம் கண்ணைக் குத்துகிற மாதிரி முகத்தை மூடிக்கொண்டான், அதனால் இந்தத் துணியைப் போட்டேன் என்றாள். போட்டதும் அடங்கிவிட்டான். அவனைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்து மெதுவாகத் தைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் கை வெளியே வந்து காலைப் பிடித்துக்கொண்டதாம். "ரெண்டு காலாலயும் மிதிக்க முடியலைக்கா. ஒத்தக் காலால மிதிச்சேன். அவன் தூங்கினப்புறம்தான் நிறுத்தினேன்" என்றாள்.

இருபத்து மூன்று வருஷமாக அவன் படுக்கிற அறையில் விளக்கை அணைத்ததே இல்லை நான். இருட்டென்றால் பயப்படுவான் என்று யார் எனக்குச் சொன்னது. யாரும் சொல்லவில்லை. நானே முடிவு செய்து, நானே விளக்கைப் போட்டு, வெளிச்சத்திலேயே அவனைத் தூங்கப் பழக்கிவிட்டேன். இவளுக்கு ஒரு காலையில் தெரிந்துவிட்டது. வெட்கமா, பொறாமையா, என்னவென்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அவள் கையைப் பார்த்தேன். கிழிந்த ஜாக்கெட்டைப் பார்த்தேன். வழக்கமான வார்த்தைகள் வாய்க்கு வந்துவிட்டன, மன்னிச்சுக்கோம்மா, இனிமே உனக்கு இந்தத் தொந்தரவு வேண்டாம், நான் பார்த்துக்கறேன். அவை எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியும். அவனை எழுப்பிக் கையைப் பிடித்து நான்கு அடி தாண்டி என் கதவைச் சாத்திக்கொண்டால் முடிந்தது. நின்றேன். மும்தாஜ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் என்ன சொல்லப்போகிறேன் என்பது அவளுக்கும் தெரிந்திருக்குமோ என்னவோ.

"நாளைக்கும் விடட்டுமா?" என்றேன்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை, முடியாதுக்கா" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "சனிக்கிழமை விடுங்க. மூணு மணி நேரம் பார்க்கலாம்."

முடியாது என்று அவள் சொன்னது எனக்கு அத்தனை நிம்மதியாக இருந்தது. முகத்துக்காகச் சரி என்கிறவளிடம் நான் எப்படிக் கேட்டுக்கொண்டே இருக்க முடியும். இவள் முடியாதபோது முடியாது என்பாள், அப்படியென்றால் முடியும் என்று சொல்வது முடியும்தான். கிழிந்த ஜாக்கெட்டின் தையலை நானே உட்கார்ந்து பிரித்துக் கொடுக்கிறேன் என்றேன், சரி, சாயங்காலம் வாங்க என்றாள். அவனைத் தொட்டு எழுப்பக் குனிந்தேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். தூங்கட்டும், எழுந்ததும் கூப்பிடறேன், நீங்க போங்க என்றாள். அவன் கை அவள் காலை விடவில்லை. அவளும் காலை எடுக்கவில்லை.

நான்கு அடி நடந்து என் வீட்டுக்குள் வந்தேன். கதவைத் திறந்தே வைத்தேன். நடு அறையில் கொஞ்ச நேரம் நின்றேன், செய்வதற்கு நிறைய இருந்தது, சோறு வைக்க வேண்டும், அவன் துணி ஊறுகிறது. பாயை எடுத்து விரித்தேன். அவன் பிறந்ததிலிருந்து ஒருக்களித்துத்தான் படுத்திருக்கிறேன், அவன் பக்கம் முகம் வைத்து, அவன் சட்டையில் ஒரு கை வைத்து. அப்படித்தான் முதலில் படுத்தேன், வெறும் தரையைப் பார்த்து. பிறகு திரும்பினேன். மல்லாந்து படுத்து இரண்டு கையையும் பாயின் இரண்டு பக்கமும் விட்டேன்.